மூன்றாம் கம்பம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆய்வுக்கூடப் பதிவேட்டில் எண்களை மட்டும் எழுதவும், அபிப்பிராயங்களை எழுத வேண்டாம் என்று இயக்குநர் வைதேகி மேடம் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். பத்து ஆண்டாக ஒப்பந்த ஊழியனாக இருப்பவனிடம் எண்களைவிட அபிப்பிராயங்களே அதிகம். ஆகவே இந்த நோட்டு.

இன்று முதல் ஓட்டம். பெங்களூர் போகும் காலை எக்ஸ்பிரஸில் ஜன்னலோர இருக்கை, மடியில் ரிசீவர், கண்ணாடியில் ஒட்டிய ஆன்டெனா. பக்கத்து இருக்கைக்காரர் ஆவடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது ஒண்ணும் வெடிக்காதே?" என்றார். ரயில்வே அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். முழுவதும் படித்தார். படித்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

வேலை இதுதான். வேகமாக ஓடும் ரயிலில் செல்போன் திணறுவதற்குக் காரணம், கோபுரத்திலிருந்து போனுக்கு அலை வரும் பாதை நொடிக்கு நூறு தரம் மாறிக்கொண்டிருப்பது. பாதையைக் கணித்தால்தான் சிதைந்து வந்த செய்தியைச் சீர்செய்ய முடியும். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. இரு தரப்பும் முன்பே பேசி வைத்துக்கொண்ட ஒரு குறியைக் கோபுரம் இடையிடையே அனுப்பும்; பைலட் என்று பெயர். அனுப்பியது என்ன என்று எனக்குத் தெரியும். வந்தது எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தால் வழியில் நடந்தது தெரிந்துவிடும். மொத்த சாஸ்திரமும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: எதிர்த்தரப்பு பேசி வைத்தபடிதான் அனுப்பியது.

ஒரு கோபுரம் என்றால் சுலபம். எங்கள் திட்டத்தில் மூன்று; கோபுரம் என்றால் ஒரு பெட்டி, அதன் பக்கவாட்டில் செருகிய ஒரு கம்பம், கையில் தூக்கிப்போகலாம். செஞ்சி பனம்பாக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் கூரைமேல் முதல் கம்பம். மணவூரில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் இரண்டாவது. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, திருவாலங்காட்டில் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மூன்றாவது. மூன்றும் முறைவைத்துப் பைலட் அனுப்ப வேண்டும். மூன்றாவதின் முறை முடிவதற்குள் முதலாவதைப் பற்றிக் கணித்தது பழங்கதையாகிவிடும். அந்தப் பழங்கதையைப் புதுப்பிப்பதுதான் நான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் வழிமுறை.

ஆலைக் கம்பத்துக்கு அங்குள்ள மேற்பார்வையாளர் தனபாக்கியம் அம்மாள் சுவிட்ச் போடுகிறார். மற்ற இரண்டும் கோதண்டத்தின் பொறுப்பு. அவனும் நானும் ஒரே நாளில் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள். பத்து ஆண்டாக ஒரே மேஜையில் சாப்பாடு. திருவள்ளூரில் வீடு என்பதால் அவனுக்கு அந்தப் பக்கம் சௌகரியம். மணவூரில் சுவிட்சைப் போட்டுவிட்டு, பைக்கில் ஆலங்காடு போய், தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி மூன்றாவதைப் போட வேண்டும்.

எட்டு மணிக்கு போன் வந்தது. "மூணாவது ஆன் மச்சான். மேல காத்து பிச்சிக்கினு போவுது. தாண்டவராயன்னு பேரு வெச்சிக்கினு நீ ஏசி பெட்டில குந்திக்கினு கீற. சாமி கால தூக்கி ஆடுன ஊருக்கு நான் வந்து ஏணி ஏறிக்கினு கீறேன். நல்லாக்குதுடா உன் நியாயம்."

நட்பு என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இரண்டாம் ஓட்டம். மூன்று கம்பங்களும் பேசின. வீட்டில் மிக்ஸி பேசவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: நிரந்தர விஞ்ஞானி, பணியிடம் ஒன்று. நான் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை. நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு டிசம்பரில் முடிகிறது. அடுத்த அறிவிப்பு இதே வேகத்தில் வந்தால் நான் ஐம்பத்தைந்தில் வாழ்த்துச் சொல்லத்தான் போகலாம்.

பிற்பகல் கேன்டீனில் கோதண்டத்திடம் கேட்டேன். நீயும் போடுகிறாயா?

"நானா? இன்னா மச்சான் நீ. பத்து வருசமா ஒண்ணா துன்றோம். நடுவுல ஒரு நாற்காலியப் போட்டு நம்மள சண்ட வலிக்க வுட்டு வேடிக்க பாப்பானுங்க. நமக்கு வாணாம். நீ போடு. எனக்கு வயசு கீது, அடுத்த தபா பாத்துக்கறேன்."

அவன் தட்டிலிருந்த வடையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் தட்டில் வைத்தான். பெரிய பாதி. எனக்குக் கண் கலங்கியது. வடையில் மிளகாய் அதிகம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஐந்தாம் ஓட்டம். முக்கியமான நாள்.

ரயில் ஒரு கம்பத்தை நெருங்கும்போது அதன் அலை சற்றுக் கூடுதலாக அதிரும். தாண்டியதும் சற்றுக் குறையும். நடைமேடையில் நிற்பவனைத் தாண்டும்போது எஞ்சினின் ஊதல் சுதி இறங்குகிறதே, அதே சமாச்சாரம். கூடுதல் குறைவாக மாறும் கணம்தான் கம்பத்தைத் தாண்டிய கணம். மூன்று கம்பத்துக்கும் இந்தக் கோட்டை ஒரே தாளில் வரைந்து பார்த்தேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே விநாடியில் மாறுகின்றன. நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு எங்கள் வேகத்தில் இரண்டு நிமிடம் பத்து விநாடி வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லை. ஐந்து ஓட்டத்திலும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று வைத்த தோசைபோல் இரு கோடுகள்.

எளிய விளக்கம் ஒன்று இருக்கக்கூடும் என்று ஒரு கணம் தோன்றியது. எளிய விளக்கத்தை வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. மாலைக்குள் சரியான விளக்கம் கிடைத்துவிட்டது: திருத்தணிப் பக்கத்துக் குன்றுகள். மூன்றாம் கம்பத்தின் அலை குன்றுகளில் பட்டுத் திரும்பி, இரண்டாவதோடு கூடப் பிறந்ததுபோல் நடந்துகொள்கிறது. இதற்குத் 'தொலைதூர இரட்டைமை' என்று பெயர் வைத்தேன். இரண்டாவதைக் கணித்தால் போதும், மூன்றாவதின் முறைக்குக் காத்திருக்காமலே அதையும் சொல்லிவிடலாம். பிழை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கோதண்டத்தின் காலை போனில் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. ஊரில் ஏதோ விசேஷம் போலும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முதல் கம்பம் மட்டும் இரட்டைமைக்குக் கட்டுப்பட மறுக்கிறது. ஆலையைத் தாண்டியதும் அது தனிவழி போகிறது. என் கணிப்பு அங்கே பிழைக்கிறது. ஆலையின் தகரக் கூரைதான் காரணம். கூரையின் தீமைகளை விளக்கி ஆலை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மிக்ஸியில் மோட்டார் காயில் போய்விட்டது, புதிது வாங்குவதே நல்லது என்று மனைவி வல்லியிடம் சொன்னேன். அவள் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனாள். அரை மணியில் திரும்பி வந்து தேங்காய் அரைத்தாள். அடியில் ஜாரைப் பிடிக்கும் ரப்பர் கப்ளர் தேய்ந்திருந்ததாம்.

சாப்பிடும்போது தொலைதூர இரட்டைமையை விளக்கினேன். வல்லி கணக்கு வாத்தியார், பொறுமையாகக் கேட்பாள்.

"அந்த எக்ஸ்பிரஸ் ஆலங்காட்டுல நிக்குமா?"

"நிக்காது."

"லோக்கல் வண்டி?"

"நிக்கும்."

"அப்ப ஒரு நாள் எறங்கி அந்தத் தொட்டியப் பாத்துட்டு வந்தா என்ன?"

அளவீடு என்பது தூரத்திலிருந்தே உண்மையை அறியும் கலை, நேரில் போய்ப் பார்ப்பது அந்தக் கலைக்கு இழுக்கு என்று விளக்கினேன்.

"மிக்ஸியையும் அப்படித்தான் தெறக்காமயே பாத்தீங்க" என்று ரசம் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கட்டுரையை அனுப்பியாயிற்று. இரண்டாம் பக்கத்தில் மூன்றாம் கம்பத்தின் புகைப்படம், கோதண்டம் எடுத்தது.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். செப்டம்பர் 19 அன்று மதிப்பீட்டுக் குழுவை ரயிலிலேயே உட்கார வைத்து நேரடி விளக்கம் காட்டப்போகிறோம். மூன்று கம்பங்களும் சேர்ந்து ஒரு வீடியோவை அனுப்பும். அது தடைபடாமல் ஓட வேண்டும். வீடியோ, மேடத்தின் தங்கை மகளுடைய அரங்கேற்றம்.

"இது மட்டும் நல்லாப் போச்சுன்னா இன்டர்வியூல உங்ககிட்ட கேக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது தாண்டவராயன்."

கோதண்டத்திடம் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டான். வாரம் இரண்டு தரம் தண்ணீர்த் தொட்டியில் ஏறி இறங்கும் மனிதனுக்கு எப்படி எடை கூடுகிறதோ தெரியவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

போனில் மறுபடியும் நாதஸ்வரம். பக்தி மிகுந்த ஊர்.

செப்டம்பர் 6, வெள்ளி

தகரக் கூரை பற்றி மூன்றாம் கடிதம்.

செப்டம்பர் 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அபிப்பிராயம் எதுவும் இல்லை.

மணவூர் மண்டபத்து மேலாளர் முனிரத்தினம் காலையில் அலுவலகத்துக்கு போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், மாடியில் பந்தல் போடப்போகிறார்கள், யாராவது வந்து சாமானை நகர்த்த வேண்டும். கோதண்டம் விடுப்பு, போனை எடுக்கவில்லை. லோக்கல் வண்டி பிடித்து நானே போனேன்.

"வா சார். ஒண்ணும் பெரிய வேல இல்ல. அந்தப் பெட்டி ரெண்டையும் செத்த ஓரமா தள்ளிக்கினா போதும்."

"ரெண்டா?"

"ரெண்டுதான் சார். மொத நாள்லேந்தே ரெண்டுதானே? கோதண்டம் சாரு ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வெச்சிக்கிறாரு. எடம் அடைக்காதுன்னு."

மேலே போய்ப் பார்த்தேன். கீழ்ப்பெட்டியில் 2 என்று ஸ்டிக்கர். மேல்பெட்டியில் 3. இரண்டும் என் கையெழுத்து.

"தங்கமான மனுசன் சார் அவுரு" என்றார் முனிரத்தினம். "முகூர்த்த நாள்னா பந்தில குந்தாம போவ மாட்டாரு. பொண்ணு வூட்டுக்காரங்க கணக்கா எல்லாரையும் உபசரிப்பாரு. பாவம், ஏணின்னாதான் தல சுத்துமாம்."

பெட்டிகளை ஓரமாகத் தள்ளினோம். அடுக்கியபடியே.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆலங்காடு. தண்ணீர் திறந்துவிடும் பொன்னுரங்கம் தொட்டியின் கீழே உட்கார்ந்திருந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ஜூலைல ஒரு சாரு வந்தாரு. கம்பத்த கீழயே நிக்க வெச்சி போட்டோ புடிச்சாரு. அப்பால அண்ணாந்து மேல பாத்தாரு. பாத்தவுரு அப்பிடியே குந்திட்டாரு. சோடா வாங்கியாந்து குடுத்தேன். கம்பத்த எட்த்துக்கினு பூட்டாரு. நீ ஏறப் போறியா?"

ஏறினேன். எண்பத்து நான்கு படி. உச்சியில் ஒரு காக்கைக் கூடு இருந்தது. காற்று இல்லை.

கொடுத்த வாக்கு தவறக் கூடாதென்று எழுபது பேர் தீயில் இறங்கியதாகக் கதை வழங்கும் ஊர் இது. எங்கள் திட்டத்தில் ஒருவர் ஏணியில் ஏறவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

எட்டு மணி. "மூணாவது ஆன் மச்சான். மேல காத்து—"

"ஏணி எத்தன படிடா?"

எங்கோ பாத்திரம் உருளும் சத்தம்.

"யாரு எண்ணுனா? ஒரு அறுவது இருக்கும்."

"பாத்து எறங்கு" என்றேன்.

வேறு எதுவும் கேட்கவில்லை. ஓட்டத்தின் நடுவே ஆளைக் குலைப்பது முறையல்ல. அளவீடு வழக்கம்போல் மிகச் சிறப்பாக வந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

மூன்றாம் கம்பம் தன் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். மணவூரை விட்டு விலகும் ரயில் ஆலங்காட்டை நெருங்கிக்கொண்டிருக்கும். ஒன்றில் அதிர்வு குறையும்போது மற்றொன்றில் கூடியிருக்கும். இது வல்லியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். என் வழிமுறை இரண்டும் ஒரே பக்கம் போகும் என்று சத்தியம் செய்கிறது. ஆக, சரியாக இரண்டு நிமிடம் பத்து விநாடிக்கு அது எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லும்.

குன்றுகளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மதியம் அலுவலக எழுத்தர் சகாயமேரி கூப்பிட்டார். நேர்காணல் கடிதம். "கோதண்டம் சாரோடதையும் நீங்களே வாங்கிக்கறீங்களா? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சாப்புடுவீங்க?"

கையெழுத்திடப் பதிவேட்டை நீட்டினார். விண்ணப்பங்கள் வந்து சேர்ந்த தேதியும் நேரமும் எதிரே இருந்தன. கோதண்டராமன்: ஆகஸ்ட் 14, காலை 11.40.

அவன் வடையைப் பிட்டது அன்று பிற்பகல் ஒன்றேகாலுக்கு.

கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். "சும்மா போட்டு வெச்சேன் மச்சான். நீ ஏதாச்சும் கால ஒடச்சிக்கினீன்னா பதிலுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?" என்றான். நியாயம்தான் என்றேன். இருவரும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மேடத்திடம் சொல்வதென்று முடிவு செய்து அறைக்குப் போனேன். சொன்னால் நேரடி விளக்கம் ரத்தாகும், கட்டுரை திரும்பும், நேர்காணலில் எனக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. டிசம்பர் வந்துவிடும். மேடம் வீடியோவில் எந்தப் பகுதியைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க. வர்ணமா தில்லானாவா?"

"தில்லானா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

மாலையில் கோதண்டம் கூப்பிட்டான்.

"நாளைக்கு எப்பிடி மச்சான்?"

"எப்பவும் போலவே செய்."

"எப்பவும் போலன்னா?"

"எப்பவும் போலன்னா எப்பவும் போலதான்டா."

"...செரி" என்றான்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான்கு தரம் சொல்லிப் பார்த்துச் சரிபார்த்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

குழுவில் மூன்று பேர். மேடம் பட்டுப்புடவையில். மடிக்கணினித் திரையில் தங்கை மகள் ஆடத் தொடங்கினாள்.

எட்டு மணிக்கு போன். நாதஸ்வரம் இல்லை, பாத்திரம் இல்லை. ஒரே இரைச்சல். போனுக்குள் காற்று அறைகிறது என்று புரியச் சில விநாடி ஆயிற்று.

"மூணாவது ஆன். எம்பத்தி நாலு மச்சான். எண்ணிட்டேன்."

ரயில் கடம்பத்தூரைத் தாண்டிவிட்டிருந்தது. செய்வதற்கு எதுவும் இல்லை. குழுத்தலைவர் காபி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

ஆலைக்கும் மண்டபத்துக்கும் நடுவே படம் வழக்கம்போல் லேசாகப் புள்ளியிட்டது. "தகரக் கூரை" என்றேன். தலையசைத்தார்கள். மண்டபத்தை நெருங்க நெருங்கப் படம் பளிங்குபோல் ஆனது. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மண்டபத்தைத் தாண்டினோம். தங்கை மகள் அப்போதுதான் வலது காலைத் தலைக்கு மேல் தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு நிமிடம் பத்து விநாடி எவ்வளவு நீளமானது என்று எனக்கு இதுவரை தெரியாது. வயல்கள் ஓடின. ரிசீவர் தன் கணிப்பில் முழு நம்பிக்கையோடு இருந்தது, எதிர்த்திசையில். குழுவில் மூத்தவர் ஜன்னலில் பெயர்ப்பலகை ஓடுவதைப் பார்த்தார். திருவாலங்காடு. திரையைப் பார்த்தார், தூக்கிய கால். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தொட்டியைத் தாண்டியதும் இரண்டு கம்பமும் எங்களுக்குப் பின்னால் ஆகிவிட்டன. அவள் காலை இறக்கி ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

ஒன்றரை மாதத்தில் கோதண்டம் செய்த ஒரே நேர்மையான காரியம் இது.

செப்டம்பர் 20, வெள்ளி

விசாரணை என்று சொல்லக் கூடாதாம், கலந்துரையாடல்.

கோதண்டம் எழுந்து நின்று பேசினான். மூன்றாம் பெட்டி தற்காலிகமாக மண்டபத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது, உயரம் தனக்கு ஒத்துக்கொள்ளாதது காரணம், அது தன் தவறு. மன்னிப்புக் கேட்டான். முந்தாநாள் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, குழுவின் முன்னால் பொய் கூடாதென்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினானாம். பிறகு, கேட்காமலே, ஒரு தகவல் சொன்னான்.

"தாண்டவராயன் சாருக்குத் தெரியும் மேடம். போன வாரம் மண்டபத்துக்கு வந்து பெட்டிய அவரே தள்ளி வெச்சிருக்காரு. முனிரத்தினம் சொன்னாரு."

பத்து ஆண்டில் அவன் என்னை 'சார்' என்றது முதல் தடவை.

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. எதை மறுப்பது என்று தேடிப் பார்த்தேன். இடமில்லை.

மேடம் என்னைத் திட்டவில்லை. "முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "செவ்வாக்கிழமை ரூமுக்கு வந்தீங்களே" என்றார். அதன்பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வல்லி காபியை வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போனாள். ஒரு தாளைக் காட்டினாள். ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டு, சரியான விடையைக் கீழே எழுதியிருந்தான். "பக்கத்துப் பையனைப் பாத்திருக்கான். இவனுக்கு எவ்ளோ போடறது?"

தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

நேர்காணல். கேட்டது ஒன்றுதான்.

"ரெண்டு பெட்டியும் ஒரே எடத்துல இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செப்டம்பர் 11" என்றேன்.

குழுத்தலைவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆகஸ்ட் 22 தேதியிட்ட படம். ஒன்றின் மேல் ஒன்றாக இரு கோடுகள். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருப்பதன் நகல்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

முடிவு வந்துவிட்டது. கோதண்டராமன்.

ஒப்புக்கொள்ளும் துணிவு, பயத்தை வென்று களத்தில் இறங்கிய அர்ப்பணிப்பு என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்களாம். எனக்கு ஒப்பந்தம் ஆறு மாதம் நீட்டிப்பு. கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. திட்டத்துக்குப் பொறுப்பு இனி கோதண்டம்.

மைசூர்பாகு கொண்டுவந்தான். நல்ல நெய். சாப்பிட்டுவிட்டுக் கேட்டேன்.

"எதுக்குடா ஏறுன?"

"நீதான மச்சான் எப்பவும் போல செய்யின்ன? ஒன்றரை மாசமா உங்கிட்ட எப்பவும் இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஏறிட்டேன்னு. அதத்தான் செஞ்சேன்."

"நான் சொன்னதுக்கு அர்த்தம் அது இல்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றான். "நீ படிக் கணக்கு கேட்டப்பவே எனக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சி. அன்னிக்கே நாலு திட்டு திட்டியிருந்தீன்னா காலுல வுழுந்திருப்பேன். நீ 'பாத்து எறங்கு'ன்ற. ராத்திரியெல்லாம் தூக்கம் வர்ல." ஒரு துண்டை எடுத்து இரண்டாகப் பிட்டான். "மேல ஏறுறப்போ ரெண்டு தபா வாந்தி எடுத்தேன்டா."

பெரிய பாதியை என் பக்கம் நகர்த்தினான். இந்த முறை நான் சின்னதை எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

செஞ்சி பனம்பாக்கம் போய்த் தனபாக்கியம் அம்மாளைப் பார்த்தேன். ஒன்றரை மாதமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே கம்பம் அவருடையது. அதைப் பற்றித்தான் நான் மூன்று புகார் எழுதினேன்.

"எட்டு மணின்னா எட்டு மணிக்குப் போட்டுடுவேன் சார். ஒரு நாள் மழைல கொட புடிச்சிக்கினு போட்டேன். கோளாறு எதுனா இருந்தா சொல்லு."

"இல்லம்மா. உங்க கூரை பத்தி எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதத்தான் நாங்களும் யோசிச்சோம். மொதலாளி மூணு லெட்டரையும் படிச்சிட்டு இன்னா தகரம் இன்னா தகரம்னு கேக்கறாரு. ரெண்டு வருசம் ஆச்சே சார் கான்கிரீட்டு போட்டு."

அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட்.

மோர் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த வண்டிக்கு வந்தேன்.

அக்டோபர் 16, புதன்

மூன்று கம்பமும் அதனதன் இடத்தில் நின்று பேசிய அளவீடு எங்களிடம் ஒரே ஒரு நாளுக்குத்தான் இருக்கிறது: செப்டம்பர் 19. அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். ரயிலின் வேகம் ஒன்றுதான், அது மூன்று கம்பத்துக்கும் பொது. ஆனால் எதை நெருங்குகிறோம், எதை விட்டு விலகுகிறோம் என்பதை ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்லக் கூடாது. இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பத்தைந்து வயது தேவைப்பட்டிருக்கிறது.

பதிவான அளவீட்டைப் புது வழிமுறையில் மறுபடி ஓட்டினேன். மண்டபத்தைத் தாண்டியதும் தங்கை மகள் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை உடனே இறக்கினாள். நான்கு தரம் ஓட்டிப் பார்த்தேன். ஆலைக்குப் பக்கத்திலும் புள்ளி இல்லை.

இனி கோதண்டம் ஏற வேண்டியதில்லை. திட்டப் பொறுப்பாளர் ஏணி ஏறுவது மரபல்ல. அடுத்த வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் நான்தான் ஏறப்போகிறேன். ரிசீவரோடு ரயிலில் உட்காருவது அவன்.

அக்டோபர் 24, வியாழன்

புதுக் கட்டுரை தயார். பழைய கட்டுரையை ஏன் திரும்பப் பெற்றேன் என்று முதல் பக்கத்தில் ஒரு பத்தி. ஆகஸ்ட் 22ஆம் தேதியே கோடுகளைப் பார்த்தேன் என்பதும் அதில் இருக்கிறது. தேதியை மூன்று தரம் அடித்துவிட்டு நான்காம் தரம் விட்டுவைத்தேன். வெளியே அனுப்பத் திட்டப் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும். கோதண்டத்தின் புது அறைக்கு எடுத்துப்போனேன். நாற்காலி சுழல்கிறது.

முதல் பத்தியைப் படித்தான். என்னைப் பார்த்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்தான். அங்கே நன்றியுரை. செஞ்சி பனம்பாக்கத்தில் முதல் கம்பத்தை எல்லா நாளும் இயக்கிய திருமதி தனபாக்கியம் அவர்களுக்கு நன்றி. திருவாலங்காட்டில் மூன்றாம் கம்பத்தை ஒரு நாள் இயக்கிய திரு. கோதண்டராமன் அவர்களுக்கு நன்றி.

பேனா நின்றது.

"மச்சான்... 'ஒரு நாள்'னு போடணுமா?"

"வேணாம்னா மாத்திடறேன். எத்தன நாள்னு போடட்டும்? சொல்லு."

ஜன்னல் பக்கம் பார்த்தான். நாற்காலி பாதிச் சுற்று சுழன்று திரும்பி வந்தது. பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டான். கீழே தேதியும் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினான்.

சரியான தேதிதான். பார்த்துக்கொண்டேன்.